விட்டது தெரியும்... பிழைத்தது தெரியுமா?

காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளி சங்கத்தில் பட்டு நூலும் ஜரிகையும் வாங்கினால் எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். நெய்து முடித்துச் சேலையைக் கொண்டு வந்தால் மறுபடியும் தராசு. எடை குறைந்தால் கேள்வி வரும். கோயில் உண்டியலைத் திறந்தால் அதிகாரிகள் முன்னிலையில் கடைசிச் சில்லறை வரை எண்ணுகிறார்கள். கணக்கில் இவ்வளவு கறாரான ஊர் இது. ஆனால் ஊரை ஒட்டி ஓடும் வேகவதியில் எத்தனை மீன் குஞ்சு பிழைத்துக் கிடக்கிறது என்று ஏனாத்தூரிலோ காஞ்சிபுரத்திலோ கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள்!

மீன் குஞ்சுக்கெல்லாம் கணக்கா என்று தோன்றலாம். கணக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு பக்கக் கணக்கு.

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஆறுகளில் மீன் குஞ்சு விடுவதும் ஒரு வேலை. பெரிய மனிதர் ஒருவர் வருவார், பிளாஸ்டிக் பையைப் பிரித்து ஆற்றில் கொட்டுவார், போட்டோ எடுப்பார்கள். மறுநாள் பேப்பரில் "இத்தனை லட்சம் குஞ்சுகள் விடப்பட்டன" என்று செய்தி. சரி, அடுத்த வருடம் அதே இடத்தில் எத்தனை உயிரோடு இருந்தன? அந்தச் செய்தியை யாராவது படித்ததுண்டா?

பி.காம் முதல் வருட மாணவன் கொள்முதலை மட்டும் எழுதிவிட்டு இறுதிச் சரக்கிருப்பை எழுதாமல் விட்டால் வாத்தியார் முட்டை போடுவார். அரசாங்கம் செய்தால் அதற்குப் பெயர் சாதனை!

எண்ணவே முடியாது, தண்ணீருக்குள் இருப்பதை எப்படி எண்ணுவது என்பார்கள். முடியும். சால்மன், ட்ரவுட் மீன்கள் வாழும் நாடுகளில் பல வருடமாக எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஓடையில் ஒரு துண்டை மேலும் கீழும் வலை கட்டி மறிக்கிறார்கள். லேசான மின்சாரம் பாய்ச்சி, மயங்கும் குஞ்சுகளை அள்ளி, எண்ணி, நீளம் அளந்து வாளியில் வைக்கிறார்கள். இதையே மூன்று முறை செய்கிறார்கள். முதல் முறை 60, இரண்டாம் முறை 30, மூன்றாம் முறை 15 கிடைத்தால் மொத்தம் சுமார் 120 இருந்திருக்கும் என்று கணக்குச் சொல்லிவிடும். பிறகு அத்தனையையும் உயிரோடு ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். இங்கிலாந்தின் ஃப்ரோம் ஆற்றில் வருடத்துக்குச் சுமார் 10,000 சால்மன் குஞ்சுகளுக்கு அரிசி மணி அளவுள்ள அடையாளச் சில்லு வைக்கிறார்கள். எந்தக் குஞ்சு கடலுக்குப் போனது, எது திரும்பி வந்தது என்பது வரை தெரியும்.

ஏன் குஞ்சுகளை எண்ண வேண்டும்? நஷ்டம் எந்தக் கிளையில் என்று கண்டுபிடிக்கத்தான். சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும். குஞ்சு நிறைய இருந்தும் பெரிய மீன் திரும்பவில்லை என்றால் கோளாறு கடலில். குஞ்சே குறைவு என்றால் கோளாறு ஆற்றில்.

எண்ணியும் அங்கே மீன் குறைகிறதே என்று ஒரு கேள்வி வரும். உண்மைதான். 2023-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பிரிட்டனின் சால்மனை அழியும் ஆபத்தில் உள்ளதாக அறிவித்தது. ஆனால் அது எப்படித் தெரிந்தது? எண்ணியதால்! தராசு சரக்கைக் குறைப்பதில்லை, குறைந்ததைக் காட்டுகிறது.

தமிழ்நாட்டிலும் ட்ரவுட் உண்டு. 1860களில் பிரான்சிஸ் டே நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு எச்.சி. வில்சன் வானவில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து, 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. வெள்ளைக்காரர் தூண்டில் போட மீன் கிடைத்தது, அதனால் வெற்றி என்று எழுதிவைத்தார்கள். அந்த ஓடைகளில் முன்பே இருந்த நாட்டு மீன்களை முதலில் எண்ணிவிட்டு, பிறகு வெளிநாட்டு மீனை விடுவது அந்தக் காலத்து வழக்கமல்ல. ஆரம்ப இருப்பே எழுதாத பேரேட்டில் நஷ்டத்தை எப்படிக் காட்டுவது?

அது பழைய கதை என்று தள்ளினால் காவிரியைப் பாருங்கள். திமில் மஹ்சீர் என்ற பெரிய மீன் உலகிலேயே காவிரிப் படுகையில் மட்டும்தான் உண்டு. 1970களில் தொடங்கி, லோனாவாலாப் பொரிப்பகத்து நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். நல்ல எண்ணம்தான். என்ன ஆனது? கர்நாடகத்தின் காலிபோர் தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை 23,620 மணி நேரம் தூண்டில் போட்டுப் பிடித்து விட்ட மீன்களின் குறிப்பை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். மொத்த எண்ணிக்கை கூடியிருந்தது! ஆனால் கூடியது விட்ட மீன், தேய்ந்தது சொந்த மீன். 2018-ல் திமில் மஹ்சீர் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. இதைக் காட்டிக்கொடுத்தது எந்தத் துறையின் கோப்பும் அல்ல, பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்க வந்தவர்களின் நோட்டு. 2012-ல் முகாம் நின்றது, அந்த நோட்டும் நின்றது.

ஆக, எண்ணாமல் விடுவது வெறும் வீண் செலவு மட்டுமல்ல. கெடுதலாகவும் முடியலாம்.

பாலாறும் வேகவதியும் பாதி நாள் வறண்டு கிடக்கின்றன, சாக்கடை ஓடுகிறது, அங்கே எதை எண்ணுவது என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. அங்கேதான் அவசியம் எண்ண வேண்டும். பூஜ்யமும் ஒரு எண்தான். வேகவதியில் குஞ்சு பூஜ்யம், அது பாலாற்றில் கலக்கும் திருமுக்கூடலில் குஞ்சு இருக்கிறது என்று எழுத்தில் வந்தால், எந்த இடத்தில் ஆறு செத்தது என்று யாரும் மழுப்ப முடியாது. ஒருவேளை அதனால்தான் எண்ண மாட்டேன் என்கிறார்களோ என்னவோ!

செலவு அதிகம் என்பதும் சாக்கு. இங்கே மின்சாரம் வேண்டாம், வீச்சு வலை போதும். பத்து இடங்கள், வருடாவருடம் அதே இடம், வடகிழக்குப் பருவமழை முடிந்து அதே தை மாதம், அதே கண்ணி அளவுள்ள வலை. விரால், கெளுத்தி, கெண்டை என்று இனம் பிரித்து நீளம் அளந்து எழுத மீனவர் சங்கத்து ஆட்களும் விலங்கியல் மாணவர்களும் போதும். வரவு செலவு சரிபார்க்க வணிகவியல் மாணவர்கள் ஊரில் ஏராளம்.

குஞ்சு விடும் ஒவ்வொரு திட்டத்திலும் மூன்று வருடம் எண்ணுவதற்கான பணத்தை ஒதுக்கிவிட்டுத்தான் முதல் குஞ்சை விட வேண்டும். எண்ணிக்கையை மீன் துறை ஊருக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும். அதுவரை "இத்தனை லட்சம் விட்டோம்" என்று சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இருப்பு எவ்வளவு சார்?"