கையெழுத்துக்கு என்ன, போட்டுவிடலாம்

"சைன்தானே சார், ஒரு ஃபார்மாலிட்டி." வீடு கட்டக் கிளம்பிய எவரும் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். சொல்பவர் பெரும்பாலும் நல்ல மனிதர். நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் அவருக்கு ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், டிராயரில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு. பிளான் வேறு யாரோ வரைந்தது. கம்பிக் கணக்கு போன வருஷம் வேறொரு தெருவில் கட்டிய வீட்டுடையது. மண் பரிசோதனை நடந்ததா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். சீலை ஒருமுறை ஊதிவிட்டுக் குத்துகிறார், கீழே கையெழுத்துப் போடுகிறார். சைட் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கேட்பதில்லை. எல்லாம் ஆன்லைன் ஆன பிறகு, சில இடங்களில் சீல் இருந்த டிராயரில் பாஸ்வேர்டு எழுதிய சீட்டு இருக்கிறது. அதுவும் உதவியாளர் கைக்கு எட்டும் தூரத்தில்.

இதில் தப்பு நடப்பதாக யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். லஞ்சம் வாங்குபவனுக்காவது தான் செய்வது இன்னதென்று தெரியும். இங்கே வாங்குகிறவர், கொடுக்கிறவர், பார்த்துக்கொண்டிருக்கிறவர் எல்லாருமே ஒரே நம்பிக்கையில் இருக்கிறார்கள். கட்டடம் நிற்பது மேஸ்திரியின் கைராசியில், அனுமதி கொடுப்பது அரசாங்கம், இன்ஜினியர் கையெழுத்து அந்த அனுமதி ஃபைலில் இருக்க வேண்டிய ஒரு தாள். நாளைக்கு ஏதாவது ஆனால் கட்டினவன் பதில் சொல்வான், இல்லையென்றால் அனுமதி கொடுத்தவன். கையெழுத்துப் போட்டவர் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

இதே வாதத்தை நீதிமன்றம் வரை கொண்டுபோய்த் தோற்ற பொறியாளர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தில்.

கன்சாஸ் சிட்டியில் ஹயாத் ரீஜென்சி ஓட்டல் 1980 ஜூலையில் திறக்கப்பட்டது. அதன் பெரிய முகப்புக் கூடத்துக்குக் குறுக்கே அந்தரத்தில் தொங்கும் நடைபாலங்கள். நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலம். மூன்றாம் மாடியுடையது தள்ளித் தனியே. 1981 ஜூலை 17, வெள்ளிக்கிழமை மாலை. கீழே நடனப் போட்டி, கூடம் நிறையக் கூட்டம், பாலங்களின் மேலும் வேடிக்கை பார்க்க ஆட்கள். நான்காம் மாடிப் பாலம் பிய்த்துக்கொண்டு இரண்டாம் மாடிப் பாலத்தின் மேல் விழ, இரண்டும் சேர்ந்து கீழே இருந்தவர்கள் மேல் விழுந்தன. 114 பேர் செத்தார்கள். இருநூறு பேருக்கு மேல் காயம்.

என்ன நடந்தது என்பதை இன்ஜினியரிங் தெரியாதவரும் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்ளலாம். பழைய வீடுகளில் உத்திரத்திலிருந்து உறி தொங்கும். ஒரே நீளக் கயிற்றில் மேலே ஒரு பானை, கீழே ஒரு பானை, தனித்தனி முடிச்சில் கட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மேல் முடிச்சு மேல் பானையின் கனத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். இப்போது கயிற்றை நடுவில் வெட்டி, கீழ்ப் பானையை மேல் உறியிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். உத்திரத்துக்கு வித்தியாசமே தெரியாது, மொத்தக் கனம் அதேதான். ஆனால் மேல் முடிச்சு இப்போது இரண்டு பானைகளையும் சுமக்கிறது.

ஹயாத்தில் கயிற்றுக்குப் பதில் எஃகுக் கம்பி, முடிச்சுக்குப் பதில் நட்டு. கூரையிலிருந்து இரண்டு பாலங்களையும் ஊடுருவிப் போகும் ஒரே கம்பி என்றுதான் முதல் வரைபடம் சொன்னது. அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை வெட்டுவதும், வெட்டிய மரை நசுங்காமல் ஏற்றுவதும் தொல்லை. அதனால் கம்பியை இரண்டாக்கினார்கள். மாற்றிய வரைபடம் எஃகு வேலை செய்த கம்பெனியிடமிருந்து 1979 தொடக்கத்தில் கட்டமைப்புப் பொறியாளரின் அலுவலகத்துக்கு வந்தது, பார்த்தாகிவிட்டது என்ற முத்திரையோடு திரும்பிப் போனது. அந்த இணைப்புக்கு யாரும் கணக்குப் போடவில்லை. காகிதமும் பென்சிலும் இருந்தால் சில நிமிஷ வேலை.

இவ்வளவு படித்ததும் நம் ஊர் ஆள் சொல்வது எனக்குக் கேட்கிறது: "பார்த்தீங்களா, கான்ட்ராக்டர் மாத்திட்டான்." கொஞ்சம் பொறுங்கள். விபத்துக்குப் பிறகு அமெரிக்கத் தேசியத் தர நிர்ணயப் பணியகம் ஆராய்ந்து சொன்னது இது: கம்பியை மாற்றாமலே விட்டிருந்தாலும், அந்த இணைப்பு நகரக் கட்டட விதி கேட்ட பளுவில் 60 சதவீதத்தைத்தான் தாங்கியிருக்கும். மாற்றிய பிறகு அது ஏறத்தாழ 30 சதவீதமாகிவிட்டது. கான்ட்ராக்டர் செய்தது, ஏற்கெனவே இருந்த தப்பை இரட்டிப்பாக்கியது.

இன்னொன்றும் உண்டு. கட்டிக்கொண்டிருந்தபோதே, 1979 அக்டோபரில், அதே கூடத்தின் கூரையில் ஒரு பகுதி விழுந்தது. கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் பதறினார்கள். இணைப்புகளையெல்லாம் திரும்பச் சரிபார்ப்பதாகப் பொறியாளர்கள் தரப்பில் உறுதி கொடுத்தார்கள். அப்படி ஒரு எச்சரிக்கை வந்த பிறகும் நடைபாலத்தின் கம்பிமுனை யார் கண்ணிலும் படவில்லை.

அரசு வழக்கறிஞர்கள் விசாரித்துவிட்டு, குற்ற வழக்குப் போட ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். நம் ஊரில் கதை அங்கே முடிந்திருக்கும். மிசௌரியில் பொறியாளர்களுக்கு உரிமம் கொடுக்கும் வாரியம் என்று ஒன்று இருந்தது. "நீ குற்றவாளியா?" என்பது அதன் கேள்வி அல்ல. "உன்னை நம்பி இனி ஒரு வரைபடத்தைக் கொடுக்கலாமா?" என்பதுதான். வரைபடங்களில் முத்திரை வைத்த ஜாக் கில்லமும், அந்த வேலையை நேரடியாக நடத்திய டேனியல் டங்கனும் வாரியத்தின் முன் சொன்னது என்ன தெரியுமா? இணைப்புகளை எஃகுக் கம்பெனியே வடிவமைத்துக்கொள்வது தொழிலில் வழக்கம், அது எங்கள் வேலை அல்ல. நம் ஜெராக்ஸ் கடை மாடியின் வாதம்தான், கொஞ்சம் நல்ல ஆங்கிலத்தில்.

1985 நவம்பரில் விசாரணை நீதிபதி அதைக் கடுமையான அலட்சியம், தொழில் முறைகேடு என்றார். 1986 ஜனவரியில் இருவருடைய உரிமமும் பறிபோனது. மேல்முறையீட்டிலும் 1988இல் தோற்றார்கள். தீர்ப்பின் சாரம்: வேலையை யாரிடம் வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கலாம், பொறுப்பைப் பிரித்துக் கொடுக்க முடியாது. கில்லம் அந்த மாற்றத்தைத் தன் கண்ணால் பார்க்கவில்லை என்பது அவரைக் காப்பாற்றவில்லை. முத்திரை வைத்தவர் பார்த்திருக்க வேண்டும் என்பதற்காகத்தானே முத்திரை.

அமெரிக்காவில் பொறியாளர் உரிமச் சட்டம் பிறந்த கதையே கையெழுத்துக் கதைதான். முதல் சட்டம் 1907இல் வயோமிங் மாநிலத்தில் வந்தது. அங்கே ஆற்றுநீர் உரிமைக்கு விண்ணப்பிக்க வரைபடம் வேண்டும். வக்கீல்களும் நோட்டரிகளும் தாங்களே வரைந்து, பொறியாளர் என்று தாங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் ஓட வேண்டிய திசையில் ஓடவில்லை. மாநிலப் பொறியாளர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சட்டம் கேட்டார்.

நம்மிடம் என்ன இருக்கிறது? வக்கீலுக்கு 1961இல் சட்டம், கட்டடக் கலைஞருக்கு 1972இல் சட்டம், ஆடிட்டருக்கு 1949இலேயே சட்டம். பதிவு செய்யாதவர் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொண்டால் குற்றம். இன்ஜினியர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். நாடு முழுவதற்குமான பொறியாளர் சட்டம் வரைவாகப் பலமுறை பேசப்பட்டிருக்கிறது, அமலில் இல்லை. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் பொறியாளரும் கட்டமைப்புப் பொறியாளரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கின்றன. நல்லதுதான். தப்பு செய்தவர் பெயரை ஒரு பதிவேட்டிலிருந்து அடிக்கலாம். ஆனால் "இவர் இந்தத் தொழிலையே இனி இந்த நாட்டில் எங்கும் செய்யக் கூடாது" என்று சொல்லும் அதிகாரம் எந்த மன்றத்துக்கும் கிடையாது.

2014 ஜூன் 28 மாலை சென்னை மௌலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடி அடுக்ககம் மழையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. 61 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் அங்கேயே வேலை செய்த தொழிலாளர்கள், ஆந்திராவிலிருந்து வந்தவர்கள் நிறைய. இடி விழுந்தது என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். கைதானவர்களில் பொறியாளர்களும் உண்டு. விசாரணை ஆணையமும் அமைத்தார்கள். பக்கத்திலிருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்ததை டிவியில் நேரலையாகப் பார்த்தோம். அவ்வளவும் நடந்தது. சட்டசபையில் கேட்டார்கள், கோர்ட்டில் கேட்டார்கள். கையெழுத்துப் போட்டவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "எந்தக் கணக்கைப் பார்த்து இதில் ஒப்பமிட்டீர்கள்? காட்டுங்கள்" என்று கேட்கும் அதிகாரம் கொண்ட சக பொறியாளர்களின் மன்றம் மட்டும் இல்லை.

உரிமம் என்றதும் ஒரு முணுமுணுப்பு எழும்: இன்னொரு ஆபீஸ், இன்னொரு ஜன்னல், இன்னொரு கவர். இந்தச் சந்தேகத்தை நான் சிரித்துத் தள்ளப் போவதில்லை. நம் அனுபவம் அப்படி. ஆனால் இப்போதிருக்கும் ஏற்பாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? இழக்க ஒன்றும் இல்லாதவரின் கையெழுத்து மலிவாகத்தான் கிடைக்கும். பத்து வருஷம் தேர்வும் அனுபவமும் சேர்த்து வாங்கிய ஒரு உரிமம் நாளைக்கே போய்விடலாம் என்றால், அதே மனிதர் சைட்டுக்கு ஒரு நடை போய்ப் பார்ப்பார். மனச்சாட்சியை நம்பி இதைச் சொல்லவில்லை, சோற்றுப் பயத்தை நம்பிச் சொல்கிறேன்.

இன்னொரு பக்கம், ஏதாவது விழுந்தால் நம் போலீஸ் முதலில் பிடிப்பது யாரை? இருபத்து நான்கு வயது டிப்ளமோ சைட் இன்ஜினியரை. பில்டர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருக்கும். பொறுப்பு ஒரு பெயரில் நிற்காதபோது அது உருண்டுபோய் இளைத்தவன் தலையில் உட்கார்கிறது. இன்ன வரைபடத்துக்கு இன்னார் என்று சட்டம் சொல்லிவிட்டால் அந்தப் பையனும் தப்பிப்பான்.

"முதலாளி சொன்னார், நான் என்ன செய்ய?" என்பது இதே நம்பிக்கையின் மறுபக்கம். கில்லமின் உரிமம் போன அதே 1986 ஜனவரியில்தான் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. முந்தின இரவு, குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும் என்று மார்ட்டன் தியோகால் கம்பெனிப் பொறியாளர்கள் மணிக்கணக்காகத் தடுத்துப் பார்த்தார்கள். ஏவலாம் என்று கம்பெனி எழுத்தில் தர வேண்டும் என்றது நாசா. ஏவுதளத்திலிருந்த கம்பெனி அதிகாரி அலன் மெக்டொனால்ட் கையெழுத்திட மறுத்தார். யூட்டாவிலிருந்து அவருடைய மேலதிகாரி கையெழுத்திட்டு ஃபேக்ஸ் வந்தது. மறுநாள் காலை ஏழு பேர் இறந்தார்கள். அவர் மறுத்ததால் விபத்து நின்றுவிடவில்லை, உண்மைதான். அமெரிக்காவிலும் கம்பெனிகளுக்குள் வேலை செய்யும் பொறியாளர்களில் பெரும்பாலோருக்கு உரிமம் கட்டாயமில்லை. அந்த ஓட்டையை அவர்கள் இன்னும் அடைக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு இரவு அந்தக் கையெழுத்து ஃபார்மாலிட்டி என்று நாசாவும் நினைக்கவில்லை, மெக்டொனால்டும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் ஒருவர் கேட்டிருக்கவும் மாட்டார், மற்றவர் மறுத்திருக்கவும் மாட்டார். விசாரணையில் உண்மையைச் சொன்னதற்காகக் கம்பெனி அவரைப் பதவி இறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் சத்தம் எழுந்த பிறகு, அந்த ராக்கெட் மூட்டைத் திருத்தி அமைக்கும் வேலையே அவரிடம் வந்தது.

நம் வீட்டுக்கு வருவோம். பில்லரும் பீமும் சேரும் இடத்தில் கம்பி நெருக்கமாக இருக்கும். அங்கே ரிங் போடுவது கம்பி கட்டுகிறவருக்குப் பெரிய ரோதனை, விரல் போகாது. அதனால் அந்த இடத்தில் மட்டும் ரிங்கை விட்டுவிடுவார்கள். போட்ட ரிங்கின் முனையையும் உள்பக்கமாக 135 டிகிரி மடக்காமல், செங்கோணத்தில் மடக்கி நிறுத்திவிடுவார்கள். கான்கிரீட் ஊற்றிவிட்டால் பிறகு யாராலும் பார்க்க முடியாது. நிலம் ஆடுகிற நாளில் முதலில் உடைவது பெரும்பாலும் அந்த மூட்டுதான். 2001இல் பூஜ் நிலநடுக்கத்தின்போது, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில், கீழே கார் நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டுக் கட்டிய புத்தம் புது அடுக்ககங்கள் பல சரிந்தன. நம் நகரங்களில் இப்போது தெருவுக்குத் தெரு அதே பாணிதான். கான்கிரீட் போடும் முன் அரைமணி நேரம் அங்கே நின்று பார்க்க வேண்டியவர் யார்? ஃபைலில் பெயர் இருப்பவர். அவருக்கு அன்றைக்கு ரூஃப் போடுகிறார்கள் என்றே தெரியாது.

ஏன் தெரியாது? நாம் அவருக்குக் கொடுத்த பணம் கையெழுத்துக்கு மட்டும்தான். அதிலும் பேரம் பேசினோம். பாத்ரூம் டைல்ஸைப் பார்க்க நான்கு கடை ஏறி இறங்கினோம், மெயின் கேட்டுக்கு மட்டும் லட்சத்தைத் தாண்டினோம், கட்டமைப்புப் பொறியாளர் தனியாக ஒரு தொகை கேட்டபோது "அதெல்லாம் எதுக்கு, மேஸ்திரிக்குத் தெரியாததா" என்றோம். ஜி பிளஸ் ஒன்னுக்குப் போட்ட ஃபுட்டிங் மேல் மகன் கல்யாணத்துக்கு இன்னொரு மாடி எழுப்பினோம், அதற்கும் அதே கையெழுத்தைத் தேடிப் போனோம். அவர் யோசித்தபோது, அடுத்த தெருவில் ஆள் இருக்கிறார் என்று ஞாபகப்படுத்தியதும் நாம்தான்.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை உங்கள் பிளானில் கையெழுத்துப் போட வருபவரிடம் நேராகக் கேளுங்கள்: ஃபுட்டிங் கம்பி கட்டியதும் வருவீர்களா? பில்லர் எழுப்பும்போது வருவீர்களா? ஒவ்வொரு ரூஃபுக்கும் முன்னால் வருவீர்களா? வந்து பார்த்ததைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதித் தருவீர்களா? மேஸ்திரி ஒன்றை மாற்றினால் உங்களைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று அவரிடம் நீங்களே சொல்வீர்களா? தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். ஒத்துக்கொண்டால், அவர் கேட்கும் கூலியில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள், டைல்ஸில் குறைத்துக்கொள்ளுங்கள்.