உலைக்கு நிதி, உழைப்போருக்கு வெளியேற்றம்

விசாகப்பட்டினம் உருக்காலையைக் காப்பாற்றிவிட்டதாக ஒன்றிய அரசு கூறிக்கொள்கிறது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட 11,440 கோடி ரூபாய் புத்துயிர்ப்புத் திட்டத்தை அதற்குச் சான்றாகக் காட்டுகிறது. ஆனால் அதே ஆண்டில் ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணியிலிருந்து நீக்கப்பட்டனர். நிரந்தரத் தொழிலாளர்கள் பலர் ‘விருப்ப ஓய்வு’ என்ற பெயரில் வெளியேறினர். காப்பாற்றப்பட்டது எது?

ஆலை நலிந்ததற்குத் தொழிலாளர் காரணமல்லர். செயில் நிறுவனத்துக்கும் டாட்டா உருக்கு நிறுவனத்துக்கும் சொந்த இரும்புத்தாதுச் சுரங்கங்கள் உண்டு. விசாகப்பட்டினம் ஆலைக்கோ அவை ஒருபோதும் ஒதுக்கப்படவில்லை. அது தாதுவைச் சந்தை விலைக்கே வாங்குகிறது. உற்பத்தித் திறனை ஆண்டுக்கு 73 லட்சம் டன்னாக உயர்த்துவதற்குப் பெற்ற கடனின் வட்டியும் அதன் தோள்மீதே விழுந்தது. 2024இல் ஒரு கட்டத்தில் மூன்று ஊதுலைகளில் ஒன்று மட்டுமே இயங்கியது. இந்நோய்க்கு மருந்து சுரங்கமும் மூலதனமுமே, ஆட்குறைப்பு அன்று.

அணைந்த உலைகள் மீண்டும் மூட்டப்படும்போது கூடுதல் கைகள் தேவை. உருகிய இரும்பு ஏறத்தாழ 1,500 பாகை வெப்பத்தில் பாயும் இடத்தில், பல்லாண்டு அனுபவம் கொண்டவரை அகற்றிவிட்டு எஞ்சியோர்மீது வேலைச்சுமையை ஏற்றுவது சிக்கனமாகாது. அது உயிரோடு விளையாடுவதாகும்.

இந்த ஆலை எவரும் இரங்கி வழங்கிய கொடையன்று. ‘விசாக உக்கு, ஆந்திருல ஹக்கு’ (விசாகப்பட்டினம் உருக்கு ஆந்திரரின் உரிமை) என்று முழங்கி 1966இல் மக்கள் போராடினர். 32 பேர் உயிர்நீத்தனர். கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர்கள் பதவி துறந்தனர். பல கிராமங்களின் உழவர்கள் வேலை கிடைக்கும் என்ற உறுதியை நம்பி நிலத்தைக் கொடுத்தனர். அக்குடும்பங்களின் பிள்ளைகள் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்களாகவே காலம் கழித்தனர். நிலத்தை இழந்தவர்களின் வாரிசுகளிடமிருந்து இன்று வேலையும் பறிக்கப்படுகிறது.

நூறு விழுக்காடு பங்குகளையும் விற்பதற்கு 2021 ஜனவரி 27 அன்று அமைச்சரவைக் குழு கொள்கை அளவில் ஒப்புதல் வழங்கியது. புத்துயிர்ப்புத் திட்டத்தை அறிவித்தபோதும் அம்முடிவு திரும்பப் பெறப்படவில்லை. எனவே மக்கள் பணத்தால் கடனைக் குறைத்து, ஆட்களையும் குறைத்து, பின்னர் தனியாரிடம் ஒப்படைப்பதற்கான ஆயத்தமே இது என்று தொழிலாளர்கள் ஐயுறுவதில் முழு நியாயம் உண்டு.

அரசின் சொல்லில் உண்மை இருக்குமாயின், விற்பனை முடிவை வெளிப்படையாக இரத்துச் செய்யட்டும். சொந்தச் சுரங்கங்களை ஒதுக்கட்டும். ஆலையைச் செயிலுடன் இணைக்கட்டும். நீக்கப்பட்ட ஒப்பந்தத் தொழிலாளர்கள் அனைவரையும் மீண்டும் பணியில் அமர்த்தட்டும். இவை விசாகப்பட்டினத்தின் கோரிக்கைகள் மட்டுமல்ல; சேலம் முதல் பிலாய் வரை பொதுத்துறையைக் காக்க நிற்கும் தொழிலாளி வர்க்கம் அனைத்தின் கோரிக்கைகள்.