சுவிட்ச் விழுந்தால் கோபிக்காதீர்கள்!

மார்கழி விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்க உங்களில் எத்தனை பேருக்குத் துணிச்சல் உண்டு, சகோதரிகளே? எங்கள் வண்டலூரில் பக்கத்திலேயே காடு. அதனால் குளிரும் கொஞ்சம் அதிகம். தவலையும் பாய்லரும் போய், இப்போது வீட்டுக்கு வீடு கீஸர் வந்துவிட்டது. விரலால் தட்டினால் வெந்நீர்!

போன மார்கழியில் அடுத்த வீட்டு மாமி பதறிக்கொண்டு வந்தார். "கீஸரைப் போட்டால் வீடு பூரா கரண்ட் போய்விடுகிறதடி. எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தான். 'டிரிப்பர்தான் தொந்தரவு, அம்மா. அதை எடுத்துவிட்டு நேரே கனெக்‌ஷன் கொடுத்துவிடுகிறேன்' என்கிறான். சரி என்று சொல்லிவிடட்டுமா?"

"சொல்லவே சொல்லாதீர்கள், மாமி!" என்று கத்தியே விட்டேன்.

டிரிப்பர் என்று நாம் சொல்லும் ஆர்.சி.சி.பி. வீட்டுக்குக் காவல்காரன். உள்ளே போன மின்சாரம் முழுதும் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால்கூட, கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும். குறைந்த மின்சாரம் எங்கே போயிற்று? கீஸரின் தகரத்துக்குள் போயிருக்கலாம். குளிக்கிறவர் உடம்புக்குள்ளும் போயிருக்கலாம்! பக்கத்தில் இருக்கும் எம்.சி.பி. வேறு. 2,000 வாட் கீஸர் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கென்று வைத்த எம்.சி.பி. 16 ஆம்பியர். உயிரைக் குடிக்கும் சின்னக் கசிவு அதற்குத் தெரியவே தெரியாது.

மேல்நாட்டில் வீட்டிலேயே வெந்நீர்த் தொட்டி வைத்து, கழுத்தளவு நீரில் உட்கார்ந்து குளிக்கிறார்கள். அமெரிக்க மின் விதிப்படி, இத்தகைய காவல் இல்லாமல் அந்தத் தொட்டிக்கு மின்சாரம் தரக்கூடாது. அங்கே இந்தக் காவலை 1961-ல் அமைத்தவர் கலிபோர்னியா சர்வகலாசாலைப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல்.

சரி, உங்கள் வீட்டில் சுவிட்ச் விழுந்தால் என்ன செய்வது?

முதலில் குளியலறையில் இருப்பவரை வெளியே வரச் சொல்லுங்கள். கையைத் துடைத்து, காலில் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். டிரிப்பர் விழுந்தே இருக்கட்டும். கீஸரின் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பிறகு டிரிப்பரைத் தூக்கிவிடுங்கள். நின்றால், குற்றம் கீஸரில்தான். பிளக்கை மறுபடி செருகிப் பார்க்க வேண்டாம். நிற்காவிட்டால் குற்றம் வேறெங்கோ இருக்கிறது. இதோடு உங்கள் வேலை முடிந்தது. கீஸரைத் திறப்பது எலக்ட்ரீஷியன் வேலை.

பிளக்கின் முனை கறுத்திருக்கிறதா? சாக்கெட் சுடுகிறதா? உள்ளே கம்பி தளர்ந்திருக்கும். உடனே மாற்றச் சொல்லுங்கள். கீஸருக்கு 16 ஆம்பியர் சாக்கெட்தான் வேண்டும். எக்ஸ்டென்ஷன் கம்பி கூடவே கூடாது. பிளக்கின் பெரிய மூன்றாவது முனைதான் எர்த். அதைச் சுவரோடு விட்டுவிடாமல், மண் வரைக்கும் எர்த் சரியாகப் போகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். டிரிப்பரில் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்துங்கள். விழாவிட்டால் காவல்காரன் தூங்குகிறான். ஆளை மாற்ற வேண்டியதுதான்! எல்லாம் சரியாக இருந்தாலும், வெந்நீரைப் பிடித்துக்கொண்டு, கீஸரை அணைத்துவிட்டே குளிப்பது நல்ல வழக்கம்.

மாமி வீட்டுக் கதை என்ன ஆயிற்று என்கிறீர்களா? வேறொரு எலக்ட்ரீஷியன் வந்து காயிலைக் கழற்றினார். சுண்ணாம்பு பூசியதுபோல் விரல் பருமனுக்கு உப்பு! அவர்கள் வீட்டு போர் தண்ணீரில் துவரம் பருப்பே வேகாது. உப்பு மூடியதால் சூடு வெளியேற வழியின்றிக் குழாய் வெடித்து, தண்ணீர் உள்ளே போய், மின்சாரம் வெளியே வந்திருக்கிறது. எர்த்தைச் சோதித்தால், அந்தக் கம்பி சுவருக்குள்ளேயே அறுந்து கிடந்தது!

மாமி கொஞ்ச நேரம் பேசவில்லை. "விடியற்காலையில் முதலில் குளிக்கிறது என் பேத்திதான்..." என்றார் மெதுவாக.

ஆகவே சகோதரிகளே, அந்தச் சுவிட்ச் விழுந்தால் கோபிக்காதீர்கள். ஏன் விழுந்தது என்று கேளுங்கள்.