கிரகணம் ஆள் பார்த்தா வருகிறது?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 9 பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், தம்பி உம்மாட வயித்துல இருக்கக்குள்ள கிரகணம் வந்த. உம்மம்மா உம்மாவ அறைக்குள்ள வெச்சி பூட்டி, தண்ணிகூட குடிக்க விடல்ல. கிரகணம் ஆள் பார்த்தா வாற?" வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் சொன்னது 2019 டிசம்பர் 26ஆம் திகதி கிரகணம். யாழ்ப்பாணம், திருகோணமலைப் பக்கம் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. சுனாமி வந்து சரியாக 15 வருடம். கடல் திரும்ப வரும் என்று அன்று காலை எத்தனை குரல் பதிவுகள்! அந்தப் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். நம் ஊரில் அந்தக் கடலுக்கு ஆள் கொடுக்காத வீடு குறைவு.

பதிலுக்கு நான் வியாழன் கோளின் படமொன்றைக் காட்டினேன். பட்டை பட்டையான மேகத்தில் மை கொட்டியது போல ஒரு கறுப்பு வட்டம். அது அயோ என்ற சந்திரனின் நிழல். அந்த வட்டத்துக்குள் நடப்பது முழுச் சூரிய கிரகணம்.

1610இல் கலிலியோ கண்ட நான்கு சந்திரன்களில் அயோதான் வியாழனுக்குக் கிட்ட இருப்பது. 42 மணித்தியாலம் 28 நிமிடத்தில் ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அதன் நிழல் வியாழனில் விழுந்தே தீரும். நமது சந்திரனின் பாதை 5 பாகை சாய்ந்தது, பூமியும் சின்னது, அதனால் அநேக மாதங்களில் நிழல் நம்மைத் தவறிப் போகிறது. வியாழனோ பெரிய உடம்பு, அதன் சாய்வும் சுமார் 3 பாகைதான். அங்கிருந்து பார்த்தால் சூரியனின் அகலம் நமக்குத் தெரிவதில் ஐந்தில் ஒன்று, அயோ அதை லேசாக மூடிவிடும். நிழலின் அகலம் ஏறக்குறைய 3000 கிலோமீற்றர். இலங்கையை நீளவாக்கில் ஏழு தடவை அடுக்கலாம்.

கரும்பலகையில் கணக்குப் போட்டோம். அயோ வருடத்துக்கு 206, யுரோப்பா 103, கனிமீட் 51. கலிஸ்டோ தூரத்தில் இருப்பதால் சில வருடங்கள் அதன் நிழல் விழாது, விட்டுவிட்டோம். மூன்றையும் கூட்டினால் 360. கிட்டத்தட்ட நாளுக்கொரு கிரகணம்!

அங்கே யார் மௌத்தானார்கள்? எந்தத் தாய் அறைக்குள் இருந்தாள்?

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் மௌத்தான அன்று கிரகணம் பிடித்தது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். மகனை இழந்த அந்த நேரத்திலும், எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று நபியவர்கள் திருத்தினார்கள், தொழச் சொன்னார்கள். இது ஒவ்வொரு கிரகணத் தொழுகையிலும் குத்பாவில் சொல்லப்படுகிறது. கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டுகிறோம். (வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்கக்கூடாது என்பது மட்டும் உண்மையான பயம். அதை விடாதீர்கள்.)

இனி என் முறைப்பாடு. பாடசாலை அலுமாரியில் தொலைகாட்டி ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. அயோ வியாழனின் நிழலுக்குள் போய் மறைவதைச் சின்னத் தொலைகாட்டியிலும் பார்க்கலாம். அந்த மறைவு சில மாதங்களில் முந்தியும் சில மாதங்களில் பிந்தியும் வருவதை வைத்துத்தான், ஒளி வந்து சேர நேரம் எடுக்கிறது என்று ரோமர் 1676இல் சொன்னார். கையில் கடிகாரமும் கொப்பியும் இருந்தால் நம் பிள்ளைகளும் அதைக் குறிக்கலாம்.

போன தடவை இரவில் வானம் பார்க்கக் கூப்பிட்டபோது ஆண் பிள்ளைகள் மட்டும்தான் வந்தார்கள். "மஃரிபுக்குப் பிறகு பொம்பிளப் பிள்ளையா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். அதனால் இந்த முறை உம்மாமாரும் கூடவே வாருங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், பாடசாலை மைதானத்தில். வாப்பாமார் வாசலில் கதிரை போட்டு இருக்கலாம், தேத்தண்ணி என் செலவு. திகதியை அதிபரிடம் கேட்டுப் போடுகிறேன்.

அந்தப் பிள்ளையின் உம்மாவுக்கு நேற்றே சொல்லிவிட்டேன். உம்மம்மாவையும் கூட்டி வரச் சொல்லியிருக்கிறேன்.