இந்தி தெரிஞ்சா மட்டும் போதுமா? வெளிமாநிலக் குடும்பங்களை வரவேற்க ஆசிரியர்களுக்கு என்ன தேவை?

திருப்பூர் பனியன் கம்பெனி, திருவள்ளூர் செங்கல் சூளை, சென்னை ஓஎம்ஆர் கட்டட வேலை என்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வருபவர்களில் பலர் குடும்பத்தோடு வருகிறார்கள். அவர்களின் பிள்ளைகளுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் முதல் நாளே குழப்பம் என்றால், மறுநாள் வர மாட்டார்கள். தம்பி, தங்கையைப் பார்த்துக்கொண்டு அறையிலேயே இருந்துவிடுவார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. டி.சி. இல்லை, வயதுச் சான்று இல்லை, கல்வியாண்டு பாதி முடிந்துவிட்டது என்று சொல்லி 6 முதல் 14 வயதுப் பிள்ளைக்கு அட்மிஷன் மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி தர வேண்டும். ஆக, சேர்ப்பதில் சட்டச் சிக்கல் இல்லை. சேர்ந்த பிள்ளை நிலைக்குமா என்பதில்தான் ஆசிரியரின் முன்தயாரிப்பு வருகிறது.

எதற்கெல்லாம் தயாராகணும்?

மொழி: ‘வடக்கே இருந்து வந்தா இந்தி’ என்பது தப்புக் கணக்கு. வீட்டில் பேசுவது ஒடியா, வங்காளம், போஜ்புரி, மைதிலி, சந்தாலி என எதுவாகவும் இருக்கலாம். முதலில் கேட்க வேண்டியது, ‘வீட்ல என்ன பேசுவீங்க?’

பெயர்: பீகார் குடும்பம் ஒன்றில் அம்மா பெயருக்குப் பின்னால் ‘தேவி’, மகளுக்கு ‘குமாரி’, அப்பாவுக்கு வேறொன்று என்று இருப்பது சகஜம். அதைத் தப்பு என்று நினைத்து நம்ம ஊர் இனிஷியல் முறைக்கு மாற்றினால், ஆதாரில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர் ஆகிவிடும். பிற்பாடு அலைவது அந்தப் பிள்ளைதான்.

காலண்டர்: தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சத் பூஜைக்குப் பீகார் குடும்பங்கள் பல ஊருக்குப் போகும். சூளை வேலையோ மழைக்காலத்துக்கு முன் முடிந்துவிடும். நீண்ட நாள் வராத பிள்ளையை ‘இடைநிற்றல்’ என்று எழுதும் முன், எப்போது திரும்புவார்கள் என்று கேட்டு வைத்திருந்தால் நல்லது.

பெற்றோர்: ஷிஃப்ட் வேலைக்காரர்களால் வேலை நாளில் கூட்டத்துக்கு வர முடியாது. தமிழில் அச்சடித்த சுற்றறிக்கையைவிட, அவர்கள் மொழியில் ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் போய்ச் சேரும். காலை உணவு, மதிய உணவு, இலவசப் பாடநூல் எல்லாம் உண்டு என்பதை அதிலேயே சொல்லலாம். பிள்ளை முட்டை சாப்பிடுமா என்றும் கேட்டுக்கொள்ளலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் 75 சதவீதம் பெற்றோர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதில் இவர்களில் ஒருவருக்கும் இடம் தரலாமே?

அப்போ தமிழ்?

2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே படிக்கும் பிள்ளை தமிழ் கற்க வேண்டும். இங்கே வாழ அது தேவையும்கூட. ஆனால் தெரிந்த மொழியைப் பிடித்துக்கொண்டுதான் தெரியாத மொழிக்குப் போக முடியும். கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கிய ‘ரோஷ்ணி’ திட்டம் இப்படித்தான் வேலை செய்தது. பிள்ளைகளின் மொழி தெரிந்த தன்னார்வலர்கள் வந்து, அதன் வழியாக மலையாளம் சொல்லிக்கொடுத்தார்கள்.

இத்தனையையும் ஒரே ஆசிரியர் தலையில் கட்டுவது நியாயமில்லை. வட்டார அளவில் மொழிபெயர்ப்பாளர் பட்டியல், பல மொழிகளில் ஒரு பக்க வரவேற்புத் தாள், சேர்க்கை விதிகள் பற்றி ஒரு நாள் பயிற்சி ஆகியவற்றைக் கல்வித் துறை தர வேண்டும். இவை பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை.

ஒடியாவோ வங்காளமோ பேசுகிற நண்பர் உங்கள் ஆபீஸிலும் இருக்கலாம். பக்கத்துப் பள்ளித் தலைமை ஆசிரியரின் அனுமதியோடு, அட்மிஷன் நேரத்தில் போனில் பத்து நிமிஷம் பேசித்தர அவரிடம் கேட்டுப் பாருங்கள்.