பிள்ளையின் கையில் வசம்பு



சுவர்ணமுகி ஆற்றங்கரைச் சந்திரகிரியில் ஒரு வீட்டு ஜெபத்திற்குச் சென்றிருந்தேன். மூன்று மாதக் குழந்தையின் மணிக்கட்டில் வசம்புக் காப்பு கட்டியிருந்தது. "ஐயா, இதை உரைத்து நாவில் தடவலாமா? சீக்கிரம் பேச்சு வருமாமே" என்று பாட்டியம்மா கேட்டார்கள். ஓயாமல் பேசும் பிள்ளையைத் தெலுங்கில் 'வசபிட்ட' என்பார்கள் அல்லவா? நம்மவர் இதற்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர் வைத்தார்கள்.

உங்கள் வீட்டிலும் ஒரு துண்டு இருக்கும். ஆனால் நகரத்தில் வளரும் நம் பிள்ளைகள் அந்தச் செடியைக் கண்டதில்லை. அது ஈரச்சேற்றில், நீரோரத்தில் வளர்வது. வாளைப்போல நீண்ட இலைகளைப் பார்த்தால் காஷ்மீரத்து ஐரிஸ் மலர்ச்செடி என்றே எண்ணுவீர்கள். ஐரோப்பாவின் மஞ்சள் நீர் ஐரிஸுக்கு 1753-இல் லின்னேயஸ் இட்ட பெயரின் பொருளே 'போலி வசம்பு' என்பதுதான்! பூவிலோ ஒற்றுமையே இல்லை. வசம்புக்கு விரல் அளவான பசுங்கதிர் மட்டுமே. முன்பு சேம்பின் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். நெல், தென்னை, வாழை யாவும் அடங்கிய ஒருவித்திலைத் தாவரங்களில் முதன்முதல் பிரிந்த கிளை இதுவே என்று இப்போது அறிந்திருக்கிறார்கள். சேற்றுக்குள் படரும் அதன் கிழங்கு கரை மண்ணைப் பற்றிக்கொள்கிறது. கழிவுநீரில் மிஞ்சும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் வேர்கள் உறிஞ்சுகின்றன. காற்றில்லாத சேற்றிலும் வேர் அழுகாதபடி, உள்ளே காற்றறைகள் வைக்கப்பட்டிருக்கின்றன.

யாத்திராகமம் 30:23-இல் அபிஷேக தைலத்திற்கு இருநூற்றைம்பது சேக்கல் சுகந்த வசம்பு என்று வாசிக்கிறோம். மூல எபிரெயச் சொல் 'நறுமண நாணல்' என்ற பொருளுடையது. அது இதே செடிதானா என்பதில் வேத அறிஞர் ஒருமனப்படவில்லை. எப்படியாயினும் அது பூசும் தைலத்திற்குச் சொல்லப்பட்டது, குழந்தையின் வயிற்றுக்கு அன்று.

வசம்பு எண்ணெயில் பீட்டா அசரோன் என்னும் பொருள் உண்டு. இந்திய வசம்பில் அது மிகுதி. அந்த எண்ணெய் கலந்த தீனி தின்ற எலிகளின் குடலில் கட்டிகள் உண்டாயின. ஆகவே 1968-இல் அமெரிக்க அரசு உணவுப்பொருள்களில் வசம்பைத் தடைசெய்தது. உரைக்கும்போது எவ்வளவு உள்ளே போகிறது என்று யாரால் அளக்கமுடியும்? கையில் கட்டினாலும் பிள்ளை அதை வாயில் வைத்துச் சப்புமே. வயிற்றுவலி என்றால் குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இதைச் சொன்னபோது, "எனக்கும் கொடுத்தார்களே, நான் நன்றாய்த்தானே இருக்கிறேன்" என்றார்கள் பாட்டியம்மா. எனக்கும் என் தாயார் கொடுத்ததுண்டு என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தார்கள். பிறகு காப்பை அவிழ்த்து, பூச்சி அண்டாது என்று சொல்லித் துணிப்பெட்டிக்குள் போட்டுவிட்டார்கள்.