கைகாலை நீட்டிப் படுக்க ஓர் இடம்

கொழும்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க எங்கே போகலாம் எண்டு யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். மோல், கஃபே, படம், அல்லது மொட்டைமாடியில் இருக்கிற ஏதாவது ரெஸ்டோரண்ட் எண்டுதான் பதில் வரும். இந்த இடங்கள் எல்லாவற்றுக்கும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. காசு கொடுக்காமல் அங்கே இருக்க முடியாது. ஒரு கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று மணித்தியாலம் இருந்தால், மேசையைத் துடைக்கிற சாட்டில் வெயிட்டர் நாலு தரம் வந்து போவார். மஹபொலக் காசை எண்ணி எண்ணிச் செலவழித்து, நாலு பேர் ஒரு போடிங் அறையில் இருக்கிற எங்களுக்கு இந்த நகரத்தில் 'சும்மா இருக்க' ஓர் இடம் கிடைப்பது லேசில்லை.

அதனால்தான் நான் விகாரமகாதேவி பூங்காவின் கட்சி. டவுன்ஹோலுக்குப் போகிற பஸ்ஸில் ஏறி இறங்கினால், வெள்ளை மாநகரசபைக் கட்டடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. கறுவாத்தோட்டத்துக் காணியின் விலை எங்களுக்குக் கனவிலும் வராது. ஆனால் அதே கறுவாத்தோட்டத்தின் நடுவில், பெரிய மரங்களுக்குக் கீழே, எங்கட பாயை விரித்து நாள் முழுக்க இருக்கலாம்.

அங்கே போய் என்ன செய்யிறது எண்டு கேட்கிறவர்களுக்காக ஒரு நாளைச் சொல்கிறேன்.

காலையில் வெயில் ஏற முதல் போய்விடுங்கள். முதல் வேலையாக மேலே பாருங்கள். மரக்கிளைகளில் பழுத்த பையைப் போலக் கறுப்பாகத் தொங்குவது எல்லாம் வௌவால். நாங்கள் ராவிருட்டிப் படித்துவிட்டுக் காலையில் தூங்குகிற மாதிரித்தான் அவையும் தூங்கும். சரியாகத் தூங்காமல் சண்டை பிடிக்கிற சத்தமும் கேட்கும். பிறகு ஒரு சுற்று நடவுங்கள். பூங்காவின் ஓரத்தில் நிற்கிற போர் நினைவுத்தூண் முதலில் காலிமுகத்திடலில் இருந்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில்தான் அதைக் கழற்றி இங்கே கொண்டுவந்தார்கள். அந்த யுத்தத்தில் பூங்காவையே இராணுவம் எடுத்துக்கொண்டது. பொதுமக்களுக்குத் திரும்பத் திறந்தது 1951இல்தான்.

வெயில் ஏறினால் பக்கத்தில் பொது நூலகம் இருக்கிறது. அந்தப் பக்கம் தேசிய நூதனசாலை, 1877ஆம் ஆண்டில் திறந்தது. அதே 1877இல் கொழும்பில் பிறந்த ஒருவருடைய பேரில்தான் பூங்காவை ஒட்டிப் போகிற றோட்டும் இருக்கிறது: ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. முச்சக்கரவண்டிக்காரரிடம் இந்தப் பேரைச் சொன்னால் ஒருக்கா யோசிப்பார். 'கிறீன் பாத்' எண்டால் உடனே விளங்கும். அங்கே நடைபாதை ஓரத்தில் ஓவியங்களைச் சாத்தி வைத்து விற்பார்கள். வாங்கக் காசில்லாவிட்டாலும் நின்று பார்க்கலாம், வரைந்தவரோடு கதைக்கலாம். வருசத்தில் ஒருநாள் இதே றோட்டு முழுக்கக் 'கலா பொல' எண்ட ஓவியச் சந்தை நடக்கும். 1993இலிருந்து நடந்துவருகிறது. கலைப்பீடத்துப் பிள்ளைகள் ஒருக்காவது போகவேண்டிய சந்தை.

மத்தியானத்துக்குச் சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு வாருங்கள். பின்னேரம் கடலையும் அச்சாறும் வரும். பிறகு ஒன்றும் செய்யாதீர்கள். பாயில் படுத்து ஒரு புத்தகத்தின் பத்துப் பக்கத்தை வாசித்துவிட்டு நித்திரையாகுங்கள். பொழுது படுகிற நேரம் எழும்பினால் வௌவால்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பி நகரத்துக்கு மேலே போவதைப் பார்க்கலாம். இவ்வளவுக்கும் பஸ் காசும் கடலைக் காசும்தான் செலவு.

இவ்வளவு சுகமான இடத்தில் ஏன் எல்லாரும் சுகமாக இருக்கவில்லை எண்டதுதான் என்னுடைய கேள்வி.

குடைக்குக் கீழே இருக்கிற சோடிகளைப் பாருங்கள். மழையும் இல்லை, மரநிழலில் வெயிலும் இல்லை, ஆனாலும் குடை. நாங்கள் அதைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிட்டோம். இந்த நாட்டில் இரண்டு இளம் ஆக்கள் பக்கத்தில் இருந்து கதைக்கத் தேவையான ஒரே சுவர் அந்தக் குடைதான். வீட்டில் முடியாது, போடிங்கில் அனுமதி இல்லை, அறை எடுக்கக் காசில்லை. இருவர் கையைப் பிடித்துக்கொண்டு வாங்கில் இருப்பது குற்றம் எண்டு எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனாலும் பூங்காக்களில் இருந்த சோடிகளைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய், பெற்றோரைக் கூப்பிட்டுப் புத்தி சொன்ன செய்திகளை வாசித்தே நாங்கள் வளர்ந்தோம். அந்தச் செய்திகளை எழுதினவர்களுக்கும் அது ஒரு நல்ல காரியமாகவே தெரிந்தது.

இதற்குப் பின்னால் ஒரு பழைய சட்டமும் இருக்கிறது. வேக்ரன்ட்ஸ் ஓடினன்ஸ், அதாவது அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச் சட்டம். ஆண்டு 1841. வேலைவெட்டி இல்லாமல் திரிகிறவர்களையும் பொது இடத்தில் 'ஒழுங்கீனமாக' நடக்கிறவர்களையும் பிடிக்க வெள்ளைக்காரன் போட்டது. 'ஒழுங்கீனம்' என்றால் என்ன என்பதை அந்த நேரம் எதிரே நிற்கிற பொலிஸ்காரர் முடிவு செய்வார். இரவில் றோட்டில் நிற்கிற ஏழைப் பெண்கள், பாலியல் தொழிலாளர்கள், திருநர்கள் எண்டு இந்தச் சட்டத்தின் கை முதலில் நீள்வது வழக்கறிஞர் பிடிக்க வசதியில்லாத ஆக்களிடம்தான். நீக்கச் சொல்லி எத்தனையோ காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். விக்டோரியா பூங்கா எண்ட பேரை மாற்றினோம். விக்டோரியா காலத்துச் சட்டத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

சோடியாகப் போனால் ஒரு பிரச்சினை, தனியப் போனால் இன்னொன்று. ஒரு பெடியன் புல்லில் மல்லாந்து படுத்தால் அவன் களைத்துப்போய்ப் படுத்திருக்கிறான். ஒரு பொம்பிளைப் பிள்ளை அப்படிப் படுத்தால் அவளுக்கு என்னவோ நடந்துவிட்டது, அல்லது அவள் ஆருக்கோ காத்திருக்கிறாள். நாங்கள் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பது பாதி வாசிக்க, பாதி 'எனக்கு இங்கே வேலை இருக்கு' எண்டு காட்ட. இது கொழும்புக்கு மட்டும் உரிய சங்கதியும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சுப்பிரமணியம் பூங்காவுக்கோ மட்டக்களப்புக் காந்தி பூங்காவுக்கோ ஒரு பின்னேரம் தனியப் போய், ஒரு மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டு வாறன் எண்டு வீட்டில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளே.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதற்கு மேலே இன்னொரு பழக்கமும் இருக்கிறது. யுத்தம் முடிந்து இத்தனை வருசத்துக்குப் பிறகும், வெளியே போறன் எண்டால் அம்மா கேட்கிற முதல் கேள்வி, "ஐசி வச்சிருக்கிறியா?" பூங்காவுக்குப் போகவும் ஐசி. பக்கத்தில் யாராவது வந்து இருந்தால் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கதைப்பதும் அப்படித்தான். யாரும் எங்களை ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். உடம்பு தானாகவே ஒடுங்கிக்கொள்கிறது.

இந்த இடத்தில் பூங்காவின் பேரைக் கொஞ்சம் யோசிக்கலாம். துட்டகைமுனு சின்னவனாக இருந்தபோது ஒருநாள் கைகாலை முடக்கிச் சுருண்டு படுத்திருந்தானாம். ஏன் மகன், நீட்டிப் படுக்கலாமே எண்டு தாய் கேட்டாளாம். ஒரு பக்கம் தமிழர், மற்றப் பக்கம் கடல், எப்படி நீட்டிப் படுக்கிறது எண்டானாம். மகாவம்சம் சொல்லுகிற இந்தக் கதை எங்கள் எல்லாருக்கும் தெரியும். மகனுடைய பதிலை வைத்து இந்த நாட்டில் எவ்வளவு அரசியல் நடந்தது எண்டதும் தெரியும். ஆனால் கேள்வி கேட்ட தாய்தான் விகாரமகாதேவி. அவளுடைய பேரை ஒரு பூங்காவுக்கு வைத்திருக்கிறார்கள். அவளுடைய பேரில் இருக்கிற புல்லில் எல்லா அம்மாக்களுடைய பிள்ளைகளும் பயமில்லாமல் கைகாலை நீட்டிப் படுக்க முடியவேண்டும். அந்தப் பேருக்கு அதைவிட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை.

"இப்ப பூங்கா எல்லாம் நல்ல வடிவாத்தானே இருக்கு" எண்டு சிலர் சொல்வார்கள். உண்மைதான். யுத்தத்துக்குப் பிறகு கொழும்பில் நடைபாதைகள் வந்தன, மதில்கள் விழுந்தன. மதில் விழுந்ததில் எனக்கும் சந்தோசம். ஆனால் 2010இல் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழேதான் போனது. அதே 2010இல் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் ஆக்கள் குடியிருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. நகரத்தை வடிவாக்குவதும் வடிவுக்குப் பொருந்தாத ஆக்களை அகற்றுவதும் ஒரே திட்டமாகவே நடந்தது. புல்லை அளவாக வெட்டுகிற மனநிலை ஆக்களையும் அப்படித்தான் பார்க்கும்.

பொது இடத்தால் வேறு என்ன நடக்கலாம் எண்டதை நாங்கள் 2022இல் கண்ணால் பார்த்தோம். காலிமுகத்திடலில் ஆக்கள் கூடாரம் அடித்துக்கொண்டு இருந்தார்கள். நூலகம் வைத்தார்கள், சமைத்துப் பகிர்ந்தார்கள், படம் போட்டார்கள். அந்த மே 18இல் அதே திடலில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தைப் பற்றி எனக்கும் ஆயிரம் கேள்வி இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து உள்ளே போகிற எந்த மோலிலும் அந்தக் கஞ்சி காய்ச்சியிருக்க முடியாது.

நான் கேட்பது பெரிய விசயங்கள் இல்லை. பின்னேரத்துக்குப் பிறகும் போகக்கூடிய சுத்தமான கழிப்பறை, கண்ணைக் குத்தாத வெளிச்சம், மூன்று மொழியிலும் பிழையில்லாத பலகை, "ஏன் இங்க இருக்கிறீங்க?" எண்டு கேட்காத காவலாளிகள். அதோடு 1841ஆம் ஆண்டுச் சட்டத்தையும் தூக்கி நூதனசாலையில் வைத்தால் நல்லது, பக்கத்தில்தானே இருக்கிறது.

அதுவரைக்கும் நாங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: போவது. படிப்பு வட்டத்தை, வாசிப்புக் கூட்டத்தை, பிறந்தநாளை அங்கே வையுங்கள். பெண்கள் நாலு பேராகப் போய்ப் பழகிவிட்டுப் பிறகு தனியப் போங்கள். குடைக்குள் இருக்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்காமல் கடந்து போங்கள். தமிழில் வழக்கமான சத்தத்திலேயே கதையுங்கள். பாய் ஒன்று கொண்டுபோக மறக்காதீர்கள், காலையில் புல் ஈரமாக இருக்கும்.